மலை மேல இருந்து வானிலை சாட்டிலைட் படம் இறக்கறது: முதல் படம் வர்ற வரைக்கும் ஒவ்வொரு படியா

கோத்தகிரி பக்கம் என் வீட்டு தகரக் கூரை மேல வி மாதிரி விரிஞ்ச ரெண்டு கம்பி நிக்கும், பாக்கறவங்க பழைய தூர்தர்ஷன் ஆன்டெனான்னு நினைச்சுப்பாங்க. 820 கிலோமீட்டர் உயரத்துல போற ரஷ்ய வானிலை சாட்டிலைட் எடுக்கற படம் அது வழியா தான் என் லேப்டாப்புக்கு வருது, நெட்ல இருந்து இல்ல, நேரா மேல இருந்து. இதுவரைக்கும் ஏழெட்டு பேருக்கு சொல்லிக் குடுத்திருக்கேன், அத்தனை பேரும் ஒரே மாதிரி மாட்டினாங்க. முதல்ல டோங்கிள் (லேப்டாப்புல சொருகற சின்ன ரேடியோ ரிசீவர்) ஆர்டர் போட்டாங்க, அப்புறம் சாஃப்ட்வேர் இறக்கினாங்க, அப்புறம் ஆன்டெனா பண்ணாங்க, ஒண்ணும் வரலைன்னதும் கடைசியா தான் வெளிய வந்து சுத்தி என்ன இருக்குன்னு பாத்தாங்க.

இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டா பாதி பிரச்சனை வராது, கீழ அந்த வரிசைல தான் எழுதிருக்கேன். நாம சிக்னல் வாங்கறோம், அனுப்பல, அதனால ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் பத்தின பேச்சு இங்க வராது. அனுப்பணும்னு ஆசை வந்தா அது தனி பரீட்சை, தனி லைசென்ஸ்.

1. எந்த சாட்டிலைட்னு முதல்ல முடிவு பண்ணுங்க

யூடியூப்ல இருக்கற முக்கால்வாசி வீடியோ அமெரிக்காவோட நோவா 15, 18, 19 சாட்டிலைட் பத்தி தான் பேசும். அந்த மூணையும் 2025 ஜூன்ல இருந்து ஆகஸ்ட்டுக்குள்ள ஒண்ணொண்ணா நிறுத்திட்டாங்க. போன மாசம் ஒரு தம்பி மூணு நாள் காத்தால எந்திரிச்சு 137.1 மெகாஹெர்ட்ஸ்ல நோவா 19க்கு காத்துக்கிட்டு உக்காந்திருந்தான். அவன் ஆன்டெனால ஒரு குறையும் இல்ல, பேச வேண்டிய ஆள் தான் மேல இல்ல.

இப்ப புடிக்க வேண்டியது ரஷ்யாவோட மீட்டியோர் எம்2-3, எம்2-4. முதலாவது 2023 ஜூன்ல போச்சு, ரெண்டாவது 2024 பிப்ரவரில. ரெண்டும் 137.9 இல்ல 137.1 மெகாஹெர்ட்ஸ்ல டிஜிட்டலா அனுப்பும். 2-4ல தான் ஆரம்பிக்கணும், 2-3 சிக்னல் பாதில ஏறி இறங்கும், புதுசா வர்றவங்க அதை தன் ஆன்டெனா தப்புன்னு நினைச்சு நல்லா இருந்ததை பிரிச்சுப் போட்டுருவாங்க.

எந்த ஃப்ரீக்வன்சில அனுப்பறாங்கன்னு அப்பப்ப மாத்துவாங்க, சில சமயம் நிறுத்தி வெச்சும் தொடங்குவாங்க. அதனால ஒவ்வொரு வாரமும் முதல் முயற்சிக்கு முன்னாடி அன்னிக்கு நிலவரம் பாத்துக்கோங்க.

2. மலையை அளங்க

இங்க தான் நிறைய சொல்லணும், ஏன்னா சமவெளில இருக்கறவங்க எழுதின எந்த வழிகாட்டிலயும் இது இருக்காது.

எல்லாரும் சொல்றது ஒண்ணு தான், "நாம ஏழாயிரம் அடி மேல இருக்கோம்ண்ணா, நமக்கு சிக்னல் பிச்சுக்கிட்டு வரும்". வராதுங்க. தொட்டபெட்டா உச்சி 2637 மீட்டர், அதாவது ரெண்டே முக்கால் கிலோமீட்டர் கூட இல்ல. சாட்டிலைட் இருக்கறது 820 கிலோமீட்டர்ல. அந்த தூரத்துல ரெண்டரை கிலோமீட்டர் கிட்ட போனதெல்லாம் ஒரு கணக்கே இல்ல. உச்சில நின்னா அடிவானம் ஒண்ணரை டிகிரி சொச்சம் கீழ இறங்கும், அதுல ஒரு பக்கத்துக்கு அரை நிமிஷம் கூட கூடுதலா கிடைக்காது.

மலை என்ன பண்ணும்னா மறைக்கும். கணக்கு இப்படி: நாலு பக்கமும் திறந்த இடத்துல, தலைக்கு நேர் மேல போற மீட்டியோர் சுமார் பதினஞ்சு நிமிஷம் தெரியும். சுத்தி பத்து டிகிரி உயரத்துக்கு மலை மறைச்சா அது பதினோரு நிமிஷமாகும். இருபது டிகிரி மறைச்சா ஏழெட்டு நிமிஷம், அதாவது பாதி படம் போச்சு. கேத்தி பள்ளத்தாக்கு மாதிரி குழிக்குள்ள வீடு இருந்தா இருபது டிகிரிங்கறது சாதாரணம். கீழ மேட்டுப்பாளையத்துல மொட்டை மாடில வெச்சிருக்கறவன் உங்களை விட நீளமான படம் எடுப்பான், அதுக்கு கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல.

அளக்கறது ரொம்ப சுலபம். ஆன்டெனா வைக்கப்போற இடத்துல நில்லுங்க, கையை முழுசா நீட்டி முஷ்டி மடக்குங்க, ஒரு முஷ்டி உயரம் சுமார் பத்து டிகிரி. கண்ணு மட்டத்துல இருந்து மலை முகடு வரைக்கும் எத்தனை முஷ்டின்னு எண்ணுங்க. வடக்கு, வடகிழக்குன்னு எட்டு திசைக்கும் எண்ணி ஒரு பேப்பர்ல வட்டம் போட்டு குறிச்சுக்கோங்க. ஃபோன்ல திசை பாக்கறப்ப தகரக் கூரை, வண்டி, இரும்பு கேட் பக்கத்துல நிக்காதீங்க, முள்ளு எங்கயோ போய் நிக்கும்.

வடக்கும் தெக்கும் தான் முக்கியம், ஏன்னா இந்த சாட்டிலைட் எல்லாம் துருவத்தை ஒட்டி சுத்தறது, கிட்டத்தட்ட வடக்கு தெக்காவே வரும் போகும். கிழக்கு மேற்குல மலை இருந்தா சில பாஸ் (சாட்டிலைட் ஒரு தடவை நம்ம வானத்தை கடக்கறது) மட்டும் போகும், வடக்கு தெக்குல இருந்தா எல்லா பாஸும் கொஞ்சம் கொஞ்சம் போகும். சில்வர் ஓக், கற்பூர மரம் எல்லாம் இந்த ஃப்ரீக்வன்சிக்கு பெருசா தடை இல்ல, மண்ணும் பாறையும் தான் தடை.

வீட்டுல அமையலைன்னா இடம் தேடுங்க. கோத்தகிரிக்காரங்களுக்கு கோடநாடு பக்கம் மாயாறு பள்ளத்தாக்கை பாத்த மாதிரி நல்ல திறப்பு உண்டு. கொடைக்கானல்ல ஊருக்குள்ள ஏரிப் பக்கம் நிக்கறதை விட சமவெளி தெரியற விளிம்புக்கு வந்துட்டா தெக்கு முழுசா கிடைக்கும்.

ஊட்டி பக்கத்துல முத்தோரைல ஒரு ரேடியோ டெலஸ்கோப் இருக்கு பாருங்க, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 1970ல அதை வைக்கறதுக்கு அவங்க தேடினது உயரமான உச்சியை இல்ல, வடக்கு தெக்கா சுமார் பதினொரு டிகிரி சாய்ஞ்ச ஒரு சரிவை. அந்த இடத்தோட அட்சரேகையும் அதே பதினொண்ணு சொச்சம், அதனால அந்த நீளம் பூமியோட அச்சுக்கு இணையா படுத்திருக்கு, ஒரே அச்சுல திருப்பினாலே வானத்தை மணிக்கணக்கா துரத்தலாம். அவ்வளவு பெரிய ஆளுங்களே முதல்ல மலையை அளந்துட்டு தான் கம்பியை நட்டாங்க.

3. பாஸ் அட்டவணை படிக்கப் பழகுங்க

ஹெவன்ஸ் அபவ், என்டூயோ ரெண்டும் வெப்சைட்டாவே போதும், ஆண்ட்ராய்டுல லுக்ஃபோர்சாட்னு ஒரு இலவச ஆப் இருக்கு. உங்க இடத்தை சரியா குடுங்க. ஊரு பேரு தேடி குடுத்தா சில சமயம் கோயம்புத்தூரை எடுத்துக்கும், அதுல பெரிய நஷ்டம் இல்ல, ஆனா ஒருத்தர் இடம் செட் பண்ணாம விட்டு சென்னை நேரத்துக்கு உக்காந்திருந்தார்.

அதை விட பெரிய குழி நேரம். சில இடத்துல உலக நேரத்துல காட்டும், அதோட அஞ்சரை மணி நேரம் கூட்டினா தான் நம்ம நேரம். ராத்திரி பாஸ்ன்னு நினைச்சு கம்பளி போத்திட்டு உக்காந்தா அது அஞ்சரை மணி நேரம் கழிச்சு தான் வரும்.

அட்டவணைல மூணு விஷயம் மட்டும் பாருங்க: எந்த திசைல ஏறுது, அதிகபட்சம் எத்தனை டிகிரி உயரம், எந்த திசைல இறங்குது. முதல் படத்துக்கு அதிகபட்ச உயரம் ஐம்பது டிகிரிக்கு மேல இருக்கறதை மட்டும் எடுங்க. முப்பதுக்கு கீழ உள்ளதை முதல் மாசம் கண்டுக்கவே வேண்டாம்.

ஒரு சாட்டிலைட் காலைப் பக்கம் ஒரு ரெண்டு தடவை, பன்னெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி ரெண்டு தடவை வரும். அந்த ரெண்டுல முதல்ல வர்றது நமக்கு கிழக்க தள்ளிப் போகும், சுமார் 101 நிமிஷம் கழிச்சு வர்ற அடுத்தது மேற்க தள்ளிப் போகும், ஏன்னா அது ஒரு சுத்து வர்றதுக்குள்ள பூமி திரும்பிடுது. கோத்தகிரில இருக்கற எங்களுக்கு மேற்கால தொட்டபெட்டா மலைத்தொடர் நிக்குது, அதனால நாங்க எப்பவும் முதல் பாஸுக்கு தான் உக்காருவோம். நீங்க போட்ட வட்டத்தை பக்கத்துல வெச்சுக்கிட்டு பாஸை தேர்ந்தெடுங்க, அதுக்கு தான் அதை போடச் சொன்னது.

கையில இன்னும் ஒரு சாமானும் இல்லாத இந்த வாரத்துல ஐஎஸ்எஸ்ஸை (சர்வதேச விண்வெளி நிலையம்) வெறும் கண்ணால பாத்து பழகுங்க. சாயந்திரம் இருட்டின முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரமும் விடியறதுக்கு முன்னாடியும், மேகம் இல்லன்னா, மினுக்காத வெள்ளைப் புள்ளியா நகரும். "மேற்கு தென்மேற்குல பத்து டிகிரில தோணும்"னு அட்டவணை சொல்றதுக்கும் உங்க முஷ்டிக்கும் பொருந்துதான்னு பாருங்க. நாலு தடவை பாத்துட்டா அட்டவணை தானா புரியும்.

4. வாங்க வேண்டியது

ஆர்டிஎல்-எஸ்டிஆர் டோங்கிள் ஒண்ணு. உலோகக் கூடு போட்டது, உள்ள வெப்பத்துக்கு ஃப்ரீக்வன்சி நகராத டிசிஎக்ஸ்ஓ இருக்கறதா பாத்து வாங்குங்க, சில ஆயிரம் ஆகும். ரொம்ப மலிவா கிடைக்கற நீல பிளாஸ்டிக் டோங்கிளும் வேலை செய்யும், ஆனா காலைல குளிர்ல ஒரு இடத்துல நிக்கும், சூடானதும் இன்னொரு இடத்துல நிக்கும். நான் முதல்ல வாங்கினது பிரபலமான மாடலோட ஸ்டிக்கர் ஒட்டின போலி, பிரிச்சுப் பாத்தப்ப தான் தெரிஞ்சது.

டிஷ் டிவிக்கு போடற ஆர்ஜி6 கேபிள் பத்து மீட்டருக்குள்ள. அதோட எஃப் முனையை டோங்கிளோட எஸ்எம்ஏவுக்கு மாத்தற சின்ன அடாப்டர், இதை மறந்துட்டு தான் எல்லாரும் ஒரு வாரம் காத்திருப்பாங்க, மலைக்கு கொரியர் வந்து சேர்றதுக்குள்ள ஆர்வம் போயிரும். மூணு நாலு மில்லிமீட்டர் தடிமன்ல அலுமினிய கம்பி ஒண்ணே கால் மீட்டர், எலக்ட்ரீஷியன் வயர் இணைக்கற ஸ்க்ரூ கனெக்டர் ரெண்டு கண்ணு, ஒரு பலகைத் துண்டு, பிவிசி பைப், தண்ணி இறங்காத ரப்பர் டேப், ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர். லேப்டாப் சுமாரா இருந்தா போதும்.

கொடைக்கானல்காரங்களுக்கு மட்டும் கூடுதலா ஒண்ணு: எஃப்எம் அலைவரிசையை தடுக்கற ஃபில்டர். 100.5ல கோடை பண்பலை டவர் உங்க பக்கத்துலயே இருக்கு, அது டோங்கிளோட காதுக்குள்ள கத்தற மாதிரி. அந்த சத்தத்துல மேல இருந்து வர்ற முணுமுணுப்பு கேக்காது.

5. ஆன்டெனா கட்டறது

வடிவம் ரொம்ப எளிசு: ரெண்டு கம்பி, நடுவுல 120 டிகிரி கோணம், தரைக்கு படுக்கையா. ஒவ்வொரு கம்பியும் 53.4 செமீ. ஒவ்வொண்ணும்னு திரும்பவும் சொல்றேன், ஏன்னா நானே முதல்ல ரெண்டும் சேந்து 53.4ன்னு வெட்டி ஒரு கம்பியை வீணாக்கினவன். 137 மெகாஹெர்ட்ஸ் அலையோட நீளம் 2.19 மீட்டர், அதுல கால்வாசி கிட்ட ஒரு கம்பி வரணும், அவ்வளவு தான் கணக்கு. வெட்டறப்ப 55 செமீ வெட்டி கனெக்டர்ல சொருகிட்டு வெளிய தெரியற நீளம் சரியா வர்ற மாதிரி பாத்துக்கோங்க.

கேபிள் நடு கம்பி ஒரு பக்கத்துக்கு, வெளி வலை இன்னொரு பக்கத்துக்கு. எது எந்த பக்கம்னாலும் பரவால்ல, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடக்கூடாது. ஆர்ஜி6 வலை அலுமினியம், அதுல ஈயம் பத்தாது, சோல்டரிங் அயர்னை வெச்சு போராடாம முறுக்கி ஸ்க்ரூவுல இறுக்குங்க. வலையோட ஒரு மயிரிழை நடு கம்பியை தொட்டாலும் எல்லாம் போச்சு. மல்டிமீட்டர் இருந்தா டோங்கிள்ல மாட்டறதுக்கு முன்னாடி கேபிள் முனைல நடுவுக்கும் வெளிக்கும் தொடர்பு இல்லன்னு பாத்துருங்க, கூரை ஏறினப்புறம் கண்டுபுடிச்சா திரும்ப இறங்கணும்.

வி எழுத்தோட வாய் வடக்கையோ தெக்கையோ பாக்கணும். அப்ப வடக்கு தெக்கும் உச்சியும் (தலைக்கு நேர் மேல) நல்லா கேக்கும், கிழக்கு மேற்கு கொஞ்சம் மந்தமா இருக்கும், நமக்கு அது தான் தேவை. படுக்கையா வைக்கறதுக்கு காரணம், தரைல இருந்து வர்ற நிறைய ஒலிபரப்பு செங்குத்தா வரும், படுத்திருக்கற கம்பிக்கு அது பாதி கேக்காது.

அடுத்து உயரம், இதுல தான் மலைக்காரங்க எல்லாரும் வழுக்குவாங்க. டிவி ஆன்டெனா பழக்கத்துல நீளமான மூங்கில்ல கட்டி தூக்கிருவாங்க. வேண்டாம். கீழ இருக்கற தரையோ தகரமோ அலையை திருப்பி அனுப்பும், சரியான தூரத்துல இருந்தா அது கூட சேந்து பலம் குடுக்கும், தப்பான தூரத்துல இருந்தா அடிச்சு அணைச்சுரும். தகரத்துல இருந்து சுமார் 55 செமீ மேல வெச்சா உச்சில நல்லா வரும். அதையே ஒரு மீட்டர் சொச்சத்துக்கு தூக்கினா சாட்டிலைட் சரியா தலைக்கு மேல வர்ற நேரத்துல, அதாவது கிட்ட இருக்கற நேரத்துல, சிக்னல் விழும். என் கூரைல ஒரு முழம் இறக்கினதுல வந்த மாற்றம் புது டோங்கிள் வாங்கினதுல கூட வரல.

முனைகளை ரப்பர் டேப்பால இறுக்கி சுத்துங்க. இங்க மழையை விட மூடுபனி தான் எமன், ராத்திரி பூரா நனைச்சு கேபிள் வலைக்குள்ள தண்ணி ஏத்திரும். கேபிள் வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி கீழ ஒரு தொங்கல் விடுங்க, தண்ணி அங்க சொட்டிரும். குரங்கு வரும், கம்பியை வளைக்கும், அதுக்கு மருந்து இல்ல, மாசம் ஒரு தடவை கோணத்தை சரி பண்ணிக்க வேண்டியது தான்.

இடி மின்னல் காலத்துல, ஏப்ரல், மே மாசத்துலயும் ஐப்பசிலயும், வேலை முடிஞ்சதும் கேபிளை டோங்கிள்ல இருந்து கழட்டி ஜன்னலுக்கு வெளிய போட்டுருங்க. இடி கேக்கறப்ப கூரை ஏறாதீங்க.

6. டோங்கிளை முதல்ல எஃப்எம்ல சோதிங்க

விண்டோஸ்னா ஸாடிக்னு ஒரு சாஃப்ட்வேர் வெச்சு டிரைவர் மாத்தணும். லிஸ்ட்ல பல்க்-இன் இன்டர்ஃபேஸ் 0ன்னு இருக்கறதை மட்டும் தொடுங்க. ஒரு காலேஜ் பையன் அவசரத்துல மவுஸோட டிரைவரை மாத்திட்டு, அதை திரும்ப சரி பண்ண மவுஸ் இல்லாம முழிச்சான்.

அப்புறம் எஸ்டிஆர் ஷார்ப் இல்லன்னா எஸ்டிஆர் ப்ளஸ் ப்ளஸ்ங்கற ரேடியோ சாஃப்ட்வேர்ல ஏதாவது எஃப்எம் நிலையத்தை போட்டு பாட்டு கேளுங்க. பாட்டு கேட்டா டோங்கிள், டிரைவர், கேபிள், அடாப்டர் நாலும் சரின்னு அர்த்தம். இந்த ஒரு சோதனையை தாண்டிப் போறவங்க அப்புறம் எந்த இடத்துல தப்புன்னு தெரியாம எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க.

7. இரைச்சலும் கெய்னும்

137.9க்கு போய் ஸ்க்ரீன்ல ஓடற நீல அருவியை பாருங்க. இப்ப சாட்டிலைட் இல்ல, அதனால வெறும் இரைச்சல் தான் தெரியணும். நேர் கோடா, சீப்பு பல்லு மாதிரி கோடுகள் தெரிஞ்சா அது வீட்டுக்குள்ள இருந்து வருது. லேப்டாப் சார்ஜரை புடுங்குங்க, எல்இடி பல்பை அணைங்க, இன்வெர்ட்டரை பாருங்க, ஒவ்வொண்ணா அணைச்சா எது குத்தவாளின்னு கண்ணு முன்னாடி தெரியும். என் வீட்டுல அது குளியலறை பல்பு. டோங்கிளை லேப்டாப்புல நேரா சொருகாம யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன்ல தள்ளி வெச்சாலே பாதி குறையும்.

கெய்னை (டோங்கிள் சிக்னலை எவ்வளவு பெருசாக்குதுங்கற அளவு) தானியங்கில விடாதீங்க. கீழ இருந்து ஒவ்வொரு படியா ஏத்துங்க, இரைச்சல் மட்டம் ஏற ஆரம்பிச்ச இடத்துல இருந்து ரெண்டு மூணு படி மேல நிறுத்துங்க. முழுசா ஏத்தினா பக்கத்து ஒலிபரப்பு எல்லாம் உள்ள புகுந்து குழப்பும், ரேடியோ வால்யூம் மாதிரி ஏத்த ஏத்த நல்லதுன்னு நினைக்கறது தான் தப்பு.

8. பாஸ் அன்னிக்கு

சாட்-டம்ப்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், சிக்னல் வாங்கறதுல இருந்து படம் பண்றது வரைக்கும் எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும். ரெக்கார்டர் பக்கத்துல மீட்டியோர் எல்ஆர்பிடி 72கே தேர்ந்தெடுங்க. 80கேன்னு இன்னொண்ணும் கீழயே இருக்கும், கை தவறி அதை அழுத்தினா சிக்னல் மலை மாதிரி இருந்தாலும் ஒரு வரி படம் வராது. சாம்பிள் ரேட் 1.024 மெகா போதும்.

அரை மணி நேரம் முன்னாடியே: லேப்டாப் முழு சார்ஜ், சாட்டிலைட் பாதை விவரம் புதுசா இறக்கினது, டிஸ்க்ல நாலஞ்சு ஜிபி காலி. முதல் சில வாரம் நேரடியா டிகோட் (சிக்னலை படமா மாத்தறது) பண்றதோட சேத்து பேஸ்பேண்டையும் (டோங்கிள் வாங்கின சிக்னல் அப்படியே) ரெக்கார்டு பண்ணுங்க, எட்டு பிட்ல பன்னெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணரை ஜிபி கிட்ட ஆகும். ஏதாவது செட்டிங் தப்பாப் போனாலும் அந்த ஃபைலை வெச்சு திரும்ப டிகோட் பண்ணிக்கலாம், இல்லன்னா அந்த பாஸ் போனது போனது தான்.

வெளில உக்காந்து புடிக்கறதுன்னா இடத்தை பகல்லயே பாத்து வைங்க. ராத்திரி பாஸுக்கு தேயிலைக்குள்ள உக்காரவே உக்காராதீங்க. ஒரு தடவை நானும் மச்சான் பையனும் லேப்டாப்பை கல்லு மேல வெச்சுட்டு ஃபிளாஸ்க்ல டீ எடுக்க வாசப்படிக்கு வந்தோம், திரும்பிப் பாத்தா எங்களுக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல ஒரு காட்டெருமை நிக்குது, ஸ்க்ரீன் வெளிச்சத்தை குனிஞ்சு பாத்துட்டு. "மாமா, டிகோட் ஆயிட்டு இருக்கு மாமா"ன்னு அவன் கெஞ்சறான், நான் அவன் சட்டையை புடிச்சு இழுத்து கதவை சாத்தினேன். பாஸ் முடிஞ்சு இருபது நிமிஷம் கழிச்சு தான் அது நகந்துச்சு. படம் என்னமோ நல்லா தான் வந்திருந்தது. கரடி நடமாட்டம் இருக்கற இடத்துல அந்த அதிர்ஷ்டத்தை நம்ப முடியாது, கேபிளை வீட்டுக்குள்ள இழுத்துக்கோங்க.

பனி, மேகம், தூறல் எதுவும் பிரச்சனை இல்ல, 137 மெகாஹெர்ட்ஸ் அதுக்குள்ள பூந்து வந்துரும். டெலஸ்கோப் வெச்சிருக்கற நம்மாளுங்க மழைக்காலம் பூரா துணி போட்டு மூடி வெச்சிருக்கறப்ப நாம மட்டும் வேலை பண்ணலாம், எனக்கு இதுல ஒரு அல்ப சந்தோஷம்.

ரெண்டு நிமிஷம் முன்னாடி ஸ்டார்ட் அழுத்திட்டு கையை எடுத்துருங்க. பீப் பீப்னு சத்தம் வரும்னு காத்திருக்காதீங்க, பழைய நோவா தான் கடிகாரம் மாதிரி டிக் டாக்னு அடிக்கும், இது காதுக்கு வெறும் இரைச்சல். அருவில தான் தெரியும், நூத்தி சொச்சம் கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு தட்டையா ஒரு மேடு மெல்ல எழும்பும். பக்கத்து சின்னப் பெட்டில புள்ளிகள் கொசுக்கூட்டம் மாதிரி பரவியிருக்கும், சிக்னல் ஏற ஏற அது பிரிஞ்சு நாலு கொத்தா நாலு மூலைல போய் உக்காரும். அந்த நிமிஷம் கீழ பச்சைல லாக் (சிக்னலை புடிச்சாச்சுன்னு அர்த்தம்) விழும், வரி வரியா படம் ஓட ஆரம்பிக்கும்.

பாதில கெய்னை தொடறது, ஆன்டெனாவை திருப்பறது, ஜன்னலை மாத்தி யூடியூப் போறது எதுவும் கூடாது. நல்லா இல்லன்னு தோணினாலும் ஒரு பாஸ் முழுசா ஒரே நிலைல போகட்டும், அப்ப தான் அடுத்த பாஸ்ல என்ன மாத்தினோம்னு ஒப்பிட முடியும்.

9. ஒண்ணும் வரலைன்னா எங்க தேடறது

வரிசையா போங்க. அருவில மேடே எழும்பலைன்னா: நேரம் சரியா, சாட்டிலைட் அன்னிக்கு எந்த ஃப்ரீக்வன்சி, அடுத்து ஆன்டெனா ஷார்ட். சாஃப்ட்வேரை தொடாதீங்க, அதுல ஒண்ணும் இருக்காது.

மேடு இருக்கு ஆனா லாக் விழலைன்னா: 72கேயா 80கேயா, கெய்ன் அதிகமா, பக்கத்துல ஏதாவது பல்பு எரியுதா.

லாக் விழுது, ஆனா படம் நடுவுல மட்டும் இருக்குன்னா உங்க மலை முகடு தான், போட்டு வெச்ச வட்டத்தை எடுத்து பாருங்க, லாக் விழுந்த நேரமும் சாட்டிலைட் முகட்டை தாண்டின நேரமும் ஒத்துப்போகும். இதை சரி பண்ண ஆம்ப்ளிஃபையர் வாங்கினவங்க உண்டு, பாறைக்கு பின்னால இருக்கறதை எந்த ஆம்ப்ளிஃபையரும் காட்டாது.

படத்துல கறுப்பு பட்டை பட்டையா வெட்டு விழுந்தா சிக்னல் அங்கங்க விழுந்திருக்குன்னு அர்த்தம். உச்சில வெட்டுன்னா ஆன்டெனா உயரம், ஓரத்துல வெட்டுன்னா இரைச்சல். நல்லா வந்துட்டு இருந்தது திடீர்னு ஒரு வாரமா மங்கிருச்சுன்னா கேபிள்ல தண்ணி ஏறியிருக்கும், முனைல ஒரு சாண் வெட்டிப் போட்டு புதுசா உரிச்சு மாட்டுங்க.

10. படம் வந்ததும்

படத்தோட அகலம் சுமார் 2800 கிலோமீட்டர், ஒரு புள்ளி ஒரு கிலோமீட்டர் கிட்ட. வடக்கு திறந்திருந்தா இமயமலைப் பனி வெள்ளைக் கோடா வரும், தெக்க இந்தியப் பெருங்கடல் மேகம். பகல் பாஸ்ல வெளிச்சத்துல எடுத்தது இருக்கும், ராத்திரில அகச்சிவப்பு மட்டும், அதுல குளிர்ந்த உயர மேகம் வெள்ளையா வரும். ராத்திரி படம் கறுப்பு வெள்ளையா இருக்குன்னு கவலைப்பட்டு கேட்டவங்க நிறைய, அது அப்படி தான்.

அதே ஆன்டெனால ஐஎஸ்எஸ்ஸையும் கேக்கலாம். 145.800 மெகாஹெர்ட்ஸ், சாதாரண எஃப்எம். அங்க இருந்து எப்பவாவது எஸ்எஸ்டிவி (ரேடியோ சத்தமா அனுப்பற நிலைப்படம்) படம் அனுப்பற நாள் வரும், பெரும்பாலும் பிடி120 முறைல, ஒரு படத்துக்கு ரெண்டு நிமிஷம். ஃபோன்ல ரோபோட் 36 ஆப்பை திறந்து லேப்டாப் ஸ்பீக்கர் பக்கத்துல வெச்சாலே போதும்.

ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு நோட்டுல தேதி, சாட்டிலைட், அதிகபட்ச உயரம், கெய்ன், லாக் விழுந்த நேரம், போன நேரம் எழுதுங்க. இருபது வரி சேந்ததும் உங்க வட்டத்துல முஷ்டி வெச்சு போட்ட மலையை விட துல்லியமான மலை அந்த நேரங்கள்லயே இருக்கும், பழைய வட்டத்தை அழிச்சுட்டு அதை வெச்சு புதுசா போடுங்க. அப்புறம் ஒண்ணு, படம் தலைகீழா வந்து கன்னியாகுமரி மேல இருந்தா பதறாதீங்க, சாட்டிலைட் தெக்க இருந்து வடக்க போயிருக்கு, 180 டிகிரி திருப்பிக்கோங்க.